தூங்கி விழுந்த சேல்ஸ் பெண்! "சோம்பேறி" பட்டம் கட்டிய சுரப்பி

சென்னை-

தியாகராயநகர் ரங்கநாதன் தெரு. பகல் 3 மணி. ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடி. புடவைப் பிரிவில் கூட்டம் இல்லை. கவுண்ட்டருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஸ்டூலைத் தேடித்தான் நான் போயிருந்தேன்.

கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று 2021-ம் ஆண்டு தமிழக சட்டசபையில் சட்டம் நிறைவேறியது. 1947-ம் ஆண்டு கடைகள் சட்டத்தில் செய்த திருத்தம் அது. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. சட்டம் புத்தகத்தில் மட்டும் இருக்கிறதா, கவுண்ட்டருக்குப் பின்னாலும் இருக்கிறதா என்று கடை கடையாக ஏறி எண்ணிப் பார்ப்பதுதான் அன்றைக்கு எனக்குக் கொடுத்த வேலை.

"ஸ்டூல் எப்ப வந்தது அக்கா?" என்று கேட்டேன்.

"வந்து ரொம்ப நாளாச்சு. இந்த ஸ்டூலாலதான் தம்பி எனக்கு வேலையே போகப் பாத்துது" என்றார்.

ஸ்டூல் கணக்கு அப்படியே நின்றது. நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன்.

அவருக்கு வயது 43. வீடு கூடுவாஞ்சேரி. கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள், பிளஸ்-2 படிக்கிறாள். பெயர் போடாதே, கடைப் பெயரும் போடாதே என்றார். அக்கா என்றே எழுதுகிறேன்.

பூங்கா ஸ்டேஷன்

கதை ஆரம்பித்தது நாலு வருஷத்துக்கு முன்னால்.

முதலில் குளிர். கடையில் ஏ.சி. எல்லாருக்கும் ஒன்றுதான். மற்ற பெண்கள் முந்தானையால் விசிறிக்கொள்ளும்போது அக்கா மட்டும் சால்வை போர்த்தி நின்றார். பிறகு முடி கொட்டியது. சீப்பைப் பார்க்கவே பயம். குரல் கட்டை தட்டியது. போனில் பேசினால் "யாரு சார் பேசறது?" என்றார்களாம். முகம் உப்பியது. கால் கனத்தது. மாதவிலக்கு நாட்களில் ரத்தப்போக்கு அதிகமானது. புடவை விலை மறந்தது. சீட்டைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

எல்லாவற்றுக்கும் மேலே தூக்கம்.

காலையில் கூடுவாஞ்சேரியில் மின்சார ரெயில் ஏறுவார். தாம்பரம் வருவதற்குள் கண் சொருகும். மாம்பலத்தில் இறங்க வேண்டும். ஒருநாள் கண் விழித்துப் பார்த்தால் பூங்கா ஸ்டேஷன்! மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர் அத்தனையும் தாண்டிவிட்டது.

"அடிச்சுப் பிடிச்சு எதிர் ரெயில் ஏறி ஓடினேன். அரை நாள் சம்பளம் போச்சு" என்றார்.

பூங்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? பெரிய ஆஸ்பத்திரி. சென்னையில் யாரைக் கேட்டாலும் ஜி.எச். என்று சொல்வார்கள். நோய் அவரை அதன் வாசல் வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கிறது. அவரோ அரை நாள் சம்பளத்தைக் காப்பாற்றத் திரும்பி ஓடியிருக்கிறார்.

ஏன் டாக்டரிடம் போகவில்லை?

"என்னன்னு போய்ச் சொல்றது? தூக்கம் வருதுன்னா? எனக்கே வெக்கமா இருந்துச்சு. வீட்டுல சோம்பேறின்னாங்க. கடையில சோம்பேறின்னாங்க. ரெண்டு எடத்துல சொன்னா நெசமாத்தானே இருக்கும்னு நானும் நம்பிட்டேன்."

மேனேஜர் போட்ட கூச்சல்

கடைசியில் தூக்கத்துக்காக அல்ல, ரத்தப்போக்குக்காகத்தான் கூடுவாஞ்சேரியில் ஒரு லேடி டாக்டரிடம் போனார். டாக்டர் முகத்தைப் பார்த்தார். நாடியைப் பிடித்தார். மெதுவாக ஓடியது. குரலைக் கேட்டார். "தைராய்டு ரத்தப் பரிசோதனை எடுத்துட்டு வாங்க" என்றார்.

டி.எஸ்.எச். என்று ஒரு கணக்கு. ஏறக்குறைய 0.4-ல் இருந்து 4 வரை இருந்தால் சரி. லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். அக்காவுக்கு வந்தது 74.

கேட்கிறவர்களுக்குத் தைராய்டு 74 மடங்கு வேலை செய்கிறதோ என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. விஷயம் நேர் எதிர்.

கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி தைராய்டு. உடம்பு எவ்வளவு வேகத்தில் ஓடவேண்டும் என்பதற்கு அதுதான் ஆக்சிலேட்டர். அதில் சுரக்கும் சரக்குக்குப் பெயர் தைராக்சின். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று இன்னொரு சுரப்பி. அது மேனேஜர். தைராய்டு வேலையில் குறை வைத்தால் மேனேஜர் கூச்சல் போடுவார். அந்தக் கூச்சல்தான் டி.எஸ்.எச். நம்பர் ஏற ஏறக் கீழே வேலை நடக்கவில்லை என்று அர்த்தம்.

ஏன் வேலை நடக்கவில்லை? உப்பில் அயோடின் குறைந்தால் வரும். ஆனால் இப்போது பெரும்பாலும் காரணம் வேறு. காவலுக்கு நிற்கும் போலீசே வீட்டுக்காரரைத் திருடன் என்று நினைத்து லத்தியால் அடித்தால் எப்படி இருக்கும்? அதுபோல் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கிச் சிறுகச் சிறுக அழித்துவிடுகிறது. 1912-ம் ஆண்டு ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பான் டாக்டர் 4 பெண்களிடம் இதைக் கண்டு எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் வருகிறது.

கெட்டது போதாது என்பது மாதிரி, இந்த நோய் உடம்போடு நிற்பதில்லை. மனசையும் மந்தமாக்கும். எதிலும் பிடிப்பு இருக்காது. சும்மா அழுகை வரும். வெளியே பார்ப்பவர்களுக்கு அது சோம்பல்.

"ரிப்போர்ட்டைக் கையில வாங்கினதும் அழுதுட்டேன் தம்பி. பயத்துல இல்ல. அப்பாடா, நான் சோம்பேறி இல்லைன்னு" என்றார் அக்கா.

குணமானதால் வந்த வினை

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று. மாத்திரையில் இருப்பதும் அதே தைராக்சின்தான். உடம்பில் ஊறாததை வெளியில் இருந்து கொடுப்பது. விலையும் பயமுறுத்தாது. ஒரு நாள் மாத்திரையின் விலை டீக்கடையில் ஒரு டீயின் விலைக்குக் கீழேதான்.

இரண்டு மாதத்தில் குரல் திரும்பியது. சால்வை பெட்டிக்குள் போனது. மூன்றாம் மாதம் ரெயிலில் கண் மூடாமல் மாம்பலம் வந்து சேர்ந்தார்.

நான்காம் மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டார்!

"சரியாப் போச்சே, அப்புறம் எதுக்குன்னு நெனச்சேன். டாக்டர் ஆயுசு பூரா போடணும்னு சொல்லியிருந்தாங்க. அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவே இல்ல. ஆயுசு பூராவா? அப்ப நான் ஆயுசு பூரா நோயாளியா?"

நிறுத்திய மறுநாள் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, ஒன்றும் இல்லை. பாத்தியா, மாத்திரை இல்லாமலே நல்லாத்தான் இருக்கேன் என்று கணவரிடம் பெருமையாகச் சொன்னாராம்.

இதுதான் இந்த நோயின் பொல்லாத குணம். ஹார்மோன் நோய்களைப் பார்க்கும் டாக்டர் ஒருவரைச் சந்தித்துக் கேட்டேன். விளம்பரம் வேண்டாம் என்று அவரும் பெயர் போடச் சம்மதிக்கவில்லை.

கேள்வி:- மாத்திரையை நிறுத்தினால் உடனே தெரியாதா?

பதில்:- தெரியாது. ரத்தத்தில் இருக்கிற தைராக்சின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மீதியில் பாதி குறைய இன்னொரு வாரம். அப்படிப் படிப்படியாகத்தான் இறங்கும். நிறுத்தியதையும் அசதி வந்ததையும் அவர்கள் சேர்த்துப் பார்க்கவே மாட்டார்கள். தூக்கம் வந்தால் வெயில் என்பார்கள், வேலை என்பார்கள்.

கேள்வி:- மறுபடி ஆரம்பித்தால்?

பதில்:- அதுவும் மெதுவாகத்தான் ஏறும். அதனால்தான் மாத்திரை அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து ரத்தம் எடுக்கச் சொல்கிறோம். நாலு நாள் போட்டுவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்றால் எப்படி?

கேள்வி:- எல்லாருக்கும் ஆயுள் முழுக்கவா?

பதில்:- பெரும்பாலோருக்கு ஆமாம். பிரசவத்துக்குப் பிறகு வரும் தைராய்டுக் கோளாறு சிலருக்குத் தானாகச் சரியாகும். லேசாக மட்டும் டி.எஸ்.எச். ஏறியிருந்தால் மாத்திரையே வேண்டாம் என்றும் சொல்வோம். ஆனால் அதை ரத்தப் பரிசோதனை பார்த்து நாங்கள் முடிவு செய்யவேண்டும்.

கேள்வி:- மனசே வரவில்லை, ஒரு உற்சாகம் வந்தால் ஒழுங்காகப் போடுவேன் என்கிறார்களே?

பதில்:- (சிரிக்கிறார்) மனசு வராததே நோயில் ஒரு பாதி. உற்சாகம் வரட்டும், மாத்திரை போடுகிறேன் என்றால் இரண்டும் வராது. மாத்திரை முன்னால். உற்சாகம் ஆறு வாரம் கழித்துப் பின்னால் வரும்.

இன்னொன்றும் அவர் சொன்னார். அசதி என்றாலே தைராய்டு என்று நினைத்துவிடக் கூடாது. ரத்தசோகை இருக்கலாம், சர்க்கரை இருக்கலாம். டி.எஸ்.எச். சரியாக வந்த பிறகும் துக்கம் விடவில்லை என்றால் மனநல டாக்டரைப் பார்க்கவேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றார்.

கேமராவில் சிக்கினார்

திருட்டு வழக்குகளில் ஒன்று பார்த்திருக்கிறேன். பீரோவை உடைத்தவன் ஒரு வாரத்தில் அகப்படுவான். தினம் பத்து ரூபாயாக எடுப்பவன் வருஷக்கணக்கில் அகப்படமாட்டான். அக்காவிடம் நடந்தது இரண்டாவது ரகம்.

நிறுத்தி ஐந்தாறு மாதம் ஆனபோது பழைய குளிர், பழைய கட்டைக் குரல், பழைய தூக்கம் எல்லாம் வந்து குடியேறிவிட்டன. அந்தச் சமயத்தில்தான் கவுண்ட்டருக்கு ஸ்டூல் வந்தது.

ஆடித் தள்ளுபடி நேரம். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான். வாடிக்கையாளர் எதிரே நின்று "ஏம்மா, ஏம்மா" என்று கூப்பிட, அக்கா பட்டுப்புடவைக் கட்டின் மேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மேலே கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார். ஒரு தடவை அல்ல, நாலு பேர் முன்னால். "உக்கார எடம் கொடுத்தா இப்படித்தான். இன்னொரு தடவை பாத்தா கணக்கு முடிச்சுக்கலாம்" என்றாராம்.

"அந்தப் படத்துல என் வாய் தொறந்திருந்துச்சு தம்பி" என்றார் அக்கா. அதற்கு மேல் அதைப்பற்றிப் பேசவில்லை.

சரி, அப்போதாவது டாக்டரிடம் ஓடினாரா? இல்லை. மாத்திரையை விட்டதற்குத் திட்டுவாரே என்று பயம்! இன்னும் மூன்று வாரம் இழுத்தார். படித்தவர்கள் சிரிக்கலாம். பரீட்சையில் பெயிலானால் மார்க் ஷீட்டை ஒளித்து வைக்காதவர்கள் மட்டும் சிரிக்கட்டும். நான் சிரிக்கவில்லை.

"பல்லு தேய்க்கிற மாதிரி"

திருப்பம் வந்தது கடையின் மாடிப்படியில்.

அதே கடையில் துணி மடித்து அடுக்கும் ஒரு அம்மா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த அக்காவிடம் அவர் புத்தி எதுவும் சொல்லவில்லை. சுருக்குப்பையில் இருந்து ஒரு பழைய லேப் சீட்டை எடுத்துக் காட்டினார். அதே டி.எஸ்.எச்.

"நான் பதினோரு வருஷமாப் போடறேண்டி. ஆயுசு பூரான்னு எவ நெனச்சா? ஆயுசு பூராவும் சோறு திங்கணும்னு நெனச்சா இன்னிக்குச் சோறு எறங்குமா? காலையில எந்திரிச்சியா, பல்லைத் தேச்சியா, அதைப் போட்டியா. அவ்வளவுதான்" என்றாராம்.

மறுநாளே அக்கா டாக்டரிடம் போனார். டாக்டர் திட்டவில்லை. "எத்தனை மாசம் விட்டுப் போச்சு?" என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். மூன்று வாரப் பயம் ஒரு கேள்வியில் தீர்ந்தது.

நாள்காட்டி

அடுத்த வாரம் அவருடைய லீவு நாளில் கூடுவாஞ்சேரி வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரே ஹால், சின்ன சமையலறை. கதவுக்குப் பக்கத்தில் தினசரி நாள்காட்டி. மளிகைக்கடையில் கொடுத்தது. அதற்குக் கீழே ஒரு ஆணி. ஆணியில் தொங்கும் துணிப்பையில் மாத்திரை டப்பா.

"முதல் தடவை டப்பாவை அடுப்பு மேடையில வச்சிருந்தேன். அதுவே தப்பு. சூடு, நீராவி ஆகாதாம். அதுவும் இல்லாம, அடுப்புகிட்ட போனா முதல்ல காபிதான் ஞாபகம் வரும்" என்றார்.

இப்போது நடைமுறை இது. காலை 5 மணிக்கு எழுகிறார். பல் தேய்க்கிறார். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை. அதற்குப் பிறகுதான் நாள்காட்டியில் நேற்றுத் தேதியைக் கிழிக்கிறார். மாத்திரை போடாமல் கிழிப்பதில்லை. சுவரில் நேற்றுத் தேதி தொங்கினால் இன்றைய மாத்திரை போடவில்லை என்று அர்த்தம். மகளே சத்தம் போடுவாள்: "அம்மா, நம்ம வீட்டுல இன்னும் நேத்துதான்!"

பிறகு வீட்டைப் பெருக்கி, தண்ணீர் பிடித்து, 6 மணிக்குக் காபி.

இந்த இடைவெளி முக்கியம். காபியோடு மாத்திரையை விழுங்கினால் ஒரு பகுதி வீணாகப் போகலாம். அரை மணியில் இருந்து ஒரு மணி நேரம் விடவேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் இருந்தால் 4 மணி நேரம் தள்ளிப் போடவேண்டும். அக்காவுக்கு அவை இரண்டும் உண்டு. ராத்திரிக்கு மாற்றிவிட்டார். காலையில் முடியாதவர்கள் ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துத் தைராக்சின் போட வழி இருக்கிறது. அதை டாக்டரைக் கேட்டுத்தான் செய்யவேண்டும்.

மாத்திரையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பொட்டு மாதிரி இருந்தது. அக்காவின் அளவு 100 மைக்ரோகிராம். பத்து லட்சம் மைக்ரோகிராம் சேர்ந்தால் ஒரு கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் ஒன்று போட்டால் ஒரு கிராம் மருந்து தீர 10 ஆயிரம் நாள், அதாவது 27 வருஷத்துக்கு மேல் ஆகும். உஸ்மான் ரோட்டு நகைக்கடையில் ஒரு கிராம் தங்க நாணயம் பார்த்திருப்பீர்களே, அந்த எடை மருந்து ஒரு பெண்ணை 27 வருஷம் நடமாட வைக்கிறது!

விட்டுப்போன நாலு நாள்

எல்லாம் சுகமாக ஓடவில்லை. போன வருஷம் மாமனார் ஊரில் ஒரு சாவு. ராத்திரியோடு ராத்திரியாகப் பஸ் ஏறினார்கள். டப்பா ஆணியிலேயே தொங்கியது. நாலு நாள் கழித்துத் திரும்பினால் சுவரில் நாலு நாள் பழைய தேதி.

"முன்னால இருந்த நானா இருந்தா, விட்டது விட்டுப் போச்சு, இனிமே என்னன்னு மூட்டை கட்டியிருப்பேன். அன்னிக்கு நாலு தேதியையும் சேத்துக் கிழிச்சேன். மாத்திரை மட்டும் ஒண்ணுதான் போட்டேன்."

மறந்தால் என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார். அன்றைக்குள் ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளலாம், மறுநாள் ஆகிவிட்டால் அன்றைக்கு உரியது மட்டும் போதும் என்பது அவருக்குச் சொன்ன யோசனை.

விரத நாளிலும் தகராறு வந்தது. ஆடி வெள்ளிக்கு வாயில் எதுவும் படக்கூடாது என்று மாமியார் பிடிவாதம். "தண்ணி குடிக்கலாம்ல அத்தை? அந்தத் தண்ணியோடதான் போகுது" என்றார் அக்கா. மாமியாரிடம் பதில் இல்லை.

கிண்டிக் கணக்கு

மாத்திரை போட்டால் உடம்பு இளைத்துவிடும் என்று நம்பித்தான் முதல் தடவை தினமும் மருந்துக்கடை எடை மிஷினில் ஏறி இறங்கியிருக்கிறார். முள் அசையவில்லை. மனசு விட்டுப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

தைராய்டுக் குறைவால் ஏறும் எடை பொதுவாக சில கிலோதான், அதிலும் நீரும் உப்பும் நிறைய என்கிறார்கள் டாக்டர்கள். மாத்திரை அந்த அளவுக்குத்தான் இறக்கும். மீதிக்குச் சாப்பாடும் நடையும்தான்.

இப்போது மாதம் ஒரு தடவைதான் எடை பார்க்கிறார். தினசரிக் கணக்குக்கு வேறு அளவுகோல் வைத்திருக்கிறார். ரெயில்வே ஸ்டேஷன்!

"குரோம்பேட்டையிலேயே கண்ணு மூடினா அன்னிக்கு உடம்பு சரியில்ல. கிண்டி வரைக்கும் முழிச்சிருந்தா பரவாயில்ல. மாம்பலத்துல நானா எந்திரிச்சு நின்னா நல்ல நாள். ஒரு வாரம் தொடர்ந்து குரோம்பேட்டைன்னா ரத்தம் எடுக்கப் போயிடுவேன்" என்றார்.

எந்தப் படிப்பும் சொல்லித் தராத கணக்கு. எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

உஷார்!

மின்சார ரெயில் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் நோட்டீசுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தீராத நோய் தீரும், மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள் என்ற ரகம். அக்காவும் ஒரு தடவை போன் நம்பரைக் குறித்துக்கொண்டவர்தான். அழிந்துபோன சுரப்பியைத் திருப்பி வளர்க்கும் லேகியம் எதுவும் இல்லை. குற்றச் செய்தி எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பணத்தோடு போனால் லாபம். மாத்திரையையும் நிறுத்தச் சொல்கிறானே, அதுதான் ஆபத்து.

முட்டைக்கோஸ், காலிபிளவரைத் தொடவே கூடாது என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்தினார்களாம். வேகவைத்து அளவோடு சாப்பிட்டால் தடை இல்லை.

முடி வளர பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அது தைராய்டு ரத்தப் பரிசோதனையையே தப்பாகக் காட்டிவிடும். ரத்தம் எடுப்பதற்கு இரண்டு நாள் முன்னாலேயே நிறுத்தி, லேபிலும் சொல்லிவிட வேண்டும்.

கடையில் ஒரு சின்னப் பெண், இளைப்பதற்காக "அக்கா, உங்க மாத்திரையில ரெண்டு குடுங்க" என்று கேட்டாளாம். அக்கா துரத்திவிட்டார். சரியான காரியம். தேவைக்கு மேல் போட்டால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், நாளடைவில் எலும்பும் தேயும்.

870 ஆடு

டாக்டர் சொன்ன ஒரு பழங்கதையை அக்காவிடம் சொன்னேன். அது கதை அல்ல, நடந்தது.

1891-ம் ஆண்டு. இங்கிலாந்தில் நியூகாசில் நகரம். ஜார்ஜ் மர்ரே என்று ஒரு இளம் டாக்டர். அவரிடம் 46 வயதுப் பெண் ஒருவர் வந்தார். உப்பிய முகம், மந்தமான பேச்சு, எந்நேரமும் குளிர். இதே நோய். அன்றைக்கு இதற்கு மருந்தே கிடையாது. மர்ரே ஆட்டின் தைராய்டு சுரப்பியை எடுத்துச் சாறாக்கி ஊசி போட்டார். அந்த அம்மா எழுந்து நடமாடினார். பிறகு சாற்றை வாய் வழியாகவே கொடுத்தார்கள். 28 வருஷம் அதைக் குடித்து, 1919-ல் 74-வது வயதில்தான் காலமானார். அதற்காக 870 ஆடுகளுக்கு மேல் தேவைப்பட்டது என்று மர்ரே கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது ஆடு வேண்டாம். மருந்துத் தொழிற்சாலையிலேயே தைராக்சினைச் செயற்கையாகத் தயாரிக்கிறார்கள்.

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "அந்தம்மா 28 வருஷம் ஆட்டுச் சாறு குடிச்சுதா? எனக்குத் தண்ணியோட ஒரு பொட்டு. நான் போய் அலுத்துக்கிட்டேனே" என்றார்.

கணவர் உள்ளே வந்தார். மதியச் சாப்பாட்டுக்கு ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நானும் சொல்லியிருக்கேன் சார், சோம்பேறின்னு. ஒரு தடவை தூங்கிட்டிருந்தப்ப தண்ணி ஊத்தினேன். அது வெளையாட்டுக்குன்னு சொன்னேன். வெளையாட்டு இல்ல" என்றார்.

அக்கா சமையலறைக்குள் போய்விட்டார். குழம்பு கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

இன்னும் சில நாட்கள் அசதியாக இருக்கிறது என்றார் அக்கா, நான் கிளம்பும்போது. மூன்று மாதம் முன்பு டி.எஸ்.எச். 3-க்குக் கொஞ்சம் கீழே. நம்பர் நல்ல நம்பர். ஆனாலும் பதினோரு மணி நேரம் கடையில் வேலை பார்க்கிறவருக்கு அசதியே இருக்காது என்று எந்த மாத்திரையும் வாக்குக் கொடுப்பதில்லை.

போன செவ்வாய்க்கிழமை விட்டுப்போன ஸ்டூல் கணக்கை முடிக்க மறுபடியும் அந்தக் கடைக்குப் போனேன். அந்த மாடியில் ஆறு கவுண்ட்டர், நாலு ஸ்டூல். துணி மடிக்கும் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. கேட்டால், வரும் வரும் என்கிறார்கள்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். விழித்துத்தான் இருந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கல்யாணப் புடவை பார்க்க ஒரு குடும்பமே திமுதிமுவென்று மாடி ஏறி வந்தது.

அக்கா எழுந்தார்.

"வாங்கம்மா, உக்காருங்க. பட்டா, சில்க் காட்டனா? எவ்வளவு ரேஞ்சுல பாக்கறீங்க?"